"எந்த வருஷம்?" என்று அப்பத்தாவிடம் கேட்காதீர்கள்

பெரியவர்கள் பட்ட கஷ்டங்களை செல்போனில் பதிவு செய்யும்போது வருஷம் கேட்காதீர்கள். "எம்ஜிஆர் சாகுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேளுங்கள்.

கூலி நெல்லில் எத்தனை படி குறைத்து அளந்தார்கள் என்பதை அப்பத்தா மறந்திருக்க மாட்டார், வருஷம்தான் நிற்காது. கேட்டால் "நான் என்னத்த படிச்சேன், அதெல்லாம் தெரியுமா?" என்று கூசிப்போய்ப் பேச்சையே நிறுத்திவிடுவார். ஆனால் ஊரே சேர்ந்து பார்த்த சம்பவம் அப்படியே மனதில் இருக்கும். வைகை அணை திறந்தது 1959, இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31, எம்ஜிஆர் மறைந்தது 1987 டிசம்பர் 24. உசிலம்பட்டிப் பக்கம் என்றால் ரேகைச் சட்டம், அதாவது குற்றப்பரம்பரைச் சட்டம், ஒழிந்த 1947-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கிடைத்தாலே காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். மாதம் வேண்டுமா? "அழகர் ஆத்துல இறங்கியாச்சா அப்போ?" என்றால் சித்திரைப் பௌர்ணமிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிந்துவிடும். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, நீங்கள் கணக்குப் போட்ட வருஷத்தை அடைப்புக்குள் தனியாகப் போடுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது.

பட்டா, பென்ஷன், வழக்கு என்று வந்தால் இது உதவாது, அங்கே தேதி போட்ட காகிதம்தான் பேசும். அப்புறம், சொல்லும்போது குரல் உடைந்தால் முன்னால் பின்னால் எதுவும் வேண்டாம். தண்ணீரைக் கொடுங்கள், மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.