பழைய கார் வாங்கி, 610 கிலோமீட்டர் ஓட்டி வீடு சேர்ப்பது எப்படி?

போன வருடம் ஒரு மோரிஸ் மைனர் வாங்கினேன். 1960 மாடல், 948 சிசி. விற்றவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே 610 கிலோமீட்டர். "லாரியில் ஏற்றிக் கொண்டுவா" என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. இரண்டே நாளில் வந்து சேர வேண்டிய வண்டி நான்காம் நாள் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு வந்தது. அந்த இரண்டு நாள் எங்கே போயிற்று என்பதைத்தான் படி 4-இல் விரிவாகச் சொல்லப்போகிறேன். அவசரக்காரர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

டயர் மாற்றுவது, ஆயில் அளவு பார்ப்பது போன்ற அடிப்படைகள் இங்கே இல்லை. அவை தெரியாவிட்டால் முதலில் அவற்றைப் பழகிக்கொண்டு பிறகு பழைய கார் தேடுங்கள்.

படி 1: காகிதம்

பதிவுச் சான்றிதழில் இருக்கும் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். அந்த எண் தனியாக ஒரு சிறு தகட்டில் பொறித்திருந்தால், தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டையும் பாருங்கள். அறுபது வருடத் தகட்டில் ரிவெட் மட்டும் பளபளவென்று இருந்தால் காரணம் கேளுங்கள். காப்பீடு நீங்கள் வண்டியைக் கிளப்பும் நேரத்திலிருந்தே செல்ல வேண்டும். சாலை உதவிச் சேவை எடுக்கிறீர்கள் என்றால் இத்தனை பழைய வண்டியை ஏற்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 2: ஆறிய எஞ்சின்

"நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள்" என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டைத் திறந்து எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார், இல்லாவிட்டால் மறந்துவிட்டார். எதுவானாலும் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அந்த வண்டியை நான் தொடமாட்டேன்.

படி 3: துரு

மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்று போதும். கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, தரைத் தகடு என்று வைத்துக்கொண்டே போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்புறம் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நன்றாக மூடிய கதவு தூக்கியதும் இடித்தால், அடிச்சட்டம் வலுவிழந்துவிட்டது.

மோரிஸ் மைனர் வாங்குபவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் மரைபோட்ட பாகம். ஒழுங்காகக் கிரீஸ் போடாமல் விட்டால் அந்த மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் அப்படியே மடங்கி விழுந்துவிடும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்படி தூக்கிவிட்டு, பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை புதுக் கிரீஸ் ஏற்றுங்கள். "போன மாதம்தான் போட்டேன்" என்று வண்டியை விற்ற பெரியவர் சொன்னார். நான் ஏற்றியபோது பிதுங்கி வந்தது செம்மண் நிறத்தில் இருந்தது.

படி 4: ஒரு மணி நேர ஓட்டம் (நான் சறுக்கிய இடம்)

வாங்கும் முன் நான் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. டாங்க்கில் இரண்டு மூன்று லிட்டர்தான் இருந்தது. பணத்தைக் கொடுத்தோம், டாங்க்கை வழிய நிரப்பினோம், நானும் என் தம்பியும் கிளம்பினோம்.

ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் வண்டி விக்கியது. இரண்டு குலுக்கல், பிறகு நின்றுவிட்டது. இருபது நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. மறுபடி ஓட்டம், மறுபடி நிற்றல்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். அதை மாற்றினேன். சரியாகவில்லை. அப்புறம் அதே தீப்பொறிச் சுற்றில் இருக்கும் கண்டென்சர். அது வந்துசேர ஒரு பகல் போயிற்று. அந்தச் சுற்றைத் திறந்து மூடும் பாயிண்டும் மாற்றியாயிற்று. டாங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்பின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்று ஈரத்துணியைச் சுற்றினோம். நின்றுகொண்டேதான் இருந்தது.

நான் ஏமாந்தது பம்ப் சத்தத்தில். மைனரில் எஸ்.யு. என்ற நிறுவனத்தின் மின்சாரப் பம்ப். சாவியைத் திருப்பினால் டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்து, மெதுவாகி, நின்றுவிடும். நின்றுவிட்டால் கார்புரேட்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றும் பம்ப் இரண்டு முறை அடித்து நின்றது. ஆக பெட்ரோல் வருகிறது, கோளாறு மின்சாரத்தில் என்று முடிவுகட்டிவிட்டேன். ஆனால் அந்தப் பம்ப் இன்னொரு காரணத்துக்காகவும் நிற்கும்: இழுக்க முடியாவிட்டால்.

மூன்றாம் நாள் சாலையோரம் நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார். பானெட் பக்கமே போகவில்லை. "தம்பி, டாங்க் மூடியைத் திறந்து பார்த்தீங்களா?" என்றார். திறந்தேன். "உஸ்ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தது. முன்பக்கம் பம்ப் தானாகவே டிக்டிக்டிக் என்று அடிக்க ஆரம்பித்தது.

மூடிதான். விற்றவர் பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து புதிதாகப் பூட்டு வைத்த மூடி போட்டிருந்தார். இந்தக் காலத்து டாங்க்குகளுக்குக் காற்று போக வேறு வழி உண்டு. இதில் மூடி வழியாகத்தான் போக வேண்டும், புது மூடியில் துளையே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் பம்ப் தோற்றுவிடும். நிறுத்தி வைத்தால் எங்கேயாவது மெல்லக் கசிந்து காற்று நுழைந்துவிடும், வண்டியும் ஓடும். பத்து நிமிட ஓட்டத்தில் ஏன் தெரியவில்லை? டாங்க் ஏறக்குறைய காலி, உள்ளே நிறையக் காற்று. நிரப்பிய பிறகு இருந்தது ஒரு சொம்பு அளவுக் காற்று, அது சீக்கிரமே மெலிந்துவிட்டது.

பழைய காரின் கோளாறுகளில் பாதி, சூடும் நேரமும் சேர்ந்தால்தான் வெளியே வரும். எனவே:

- டாங்க்கை நிரப்பிவிட்டு, விற்பவர் ஊரைச் சுற்றியே ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பெட்ரோல் செலவு உங்களுடையது என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.
- நடுவே நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, சூட்டோடு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.
- நின்றுவிட்டால் எப்படி நின்றது என்று கவனியுங்கள். விக்கி, குலுங்கி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். என் வண்டி விக்கித்தான் நின்றது. இந்த விதி எனக்கு அன்று தெரியும், ஆனாலும் பம்ப் சத்தத்தைத்தான் நம்பினேன்.
- நின்ற உடனே முதல் வேலை டாங்க் மூடியைத் திறப்பது. ஒரு ஸ்பேனரும் தேவையில்லை.

படி 5: கிளம்பும் முன்

டயரில் இருந்து ஆரம்பியுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் 2000-க்கு முந்தையது; டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றி எறியுங்கள். பத்து வருடம் தாண்டிய டயரை மாற்றிவிடச் சொல்லி டயர் நிறுவனங்களே சொல்கின்றன. ஸ்டெப்னியையும் பாருங்கள், அதுதான் பெரும்பாலும் வண்டியிலேயே கிழமாக இருக்கும்.

பிரேக். இந்தக் காலத்துக் கார்களில் இரண்டு தனிச் சுற்று உண்டு. மைனரில் ஒன்றுதான், ஓர் இடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு, மிச்சம் ஹேண்ட்பிரேக். பெடலை ஒரு நிமிடம் சீராக அழுத்திப் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரில். மைனரில் அது ஓட்டுநர் காலுக்குக் கீழே, தரைவிரிப்பைத் தூக்கினால்தான் மூடி தெரியும். அதனாலேயே பலர் அங்கே ஆயில் பார்ப்பதே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் அந்த அளவு 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது இந்த வித்தியாசம் தெரியும். முழுக்க வடித்துப் புதிது ஊற்றுங்கள்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைத்துவிடும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக்குறி அச்சிட்ட ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். ஃபேன் பெல்ட்டையும் ரேடியேட்டர் ஹோஸையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

படி 6: பாதை

கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் திட்டமிடுங்கள். மைனர் 75 கிலோமீட்டர் வேகத்தில் சந்தோஷமாக ஓடும், ஆனால் நிறுத்தங்களைச் சேர்த்தால் மணிக்கு 45-தான் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். பகலில் மட்டும் ஓட்டுங்கள். டைனமோ (பேட்டரிக்குச் சார்ஜ் தரும் பழைய வகைக் கருவி) வண்டியில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஏறாது. விளக்கு, வைப்பர் இரண்டையும் போட்டு நெரிசலில் ஊர்ந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். மலையேற்றம் இருந்தால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

முதல் நாள் 20, 50, 100-ஆவது கிலோமீட்டரில் கட்டாயம் நிறுத்துங்கள். இறங்கியதும் நான்கு சக்கர நடுப்பகுதியிலும் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நான் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். புறங்கையே போதும் என்பார்கள், எனக்கு எண் தெரிந்தால்தான் தூக்கம் வரும். டாங்க் 29 லிட்டர் சொச்சம். பெட்ரோல் முள்ளை நம்பாமல் ஓடிய தூரத்தை வைத்து நிரப்புங்கள்.

எஞ்சின் அளவுக்குமீறிச் சூடானால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் பிழைக்கும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது.

படி 7: என்னென்ன எடுத்துப்போவது

தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம், இழுவைக் கயிறு, பத்து லிட்டர் தண்ணீர், எஞ்சின் ஆயில், ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், பெட்ரோல் ஃபில்டர் மூன்று, ஹோஸ் துண்டு, கிளிப், 35 ஆம்ப் ஃப்யூஸ் (மொத்த வண்டிக்கும் இரண்டே ஃப்யூஸ்). ஃபில்டர் ஏன் மூன்று? வருடக்கணக்கில் நின்ற டாங்க்கின் அடித்துரு முதல் நூறு கிலோமீட்டரில் கலங்கி வரும்.

மின்சாரம் வருகிறதா என்று பார்க்க, மல்டிமீட்டரைவிட எனக்கு டெஸ்ட் லேம்ப்தான் பிடிக்கும். வெயிலில் திரையைக் கண் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்பேனர் விஷயத்தில் சமரசம் வேண்டாம்: இந்த வண்டிக்கு அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. 13 மி.மீ. ஸ்பேனரும் உள்ளே போகும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் அந்தச் சின்ன இடைவெளியே மூலைகளை மழுக்கிவிடும்.

1888-இல் ஜெர்மனியில், காரைக் கண்டுபிடித்த கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 105 கிலோமீட்டர் ஓட்டிப்போனார் பெர்த்தா பென்ஸ். உலகின் முதல் நீண்ட கார் பயணம் அதுதான். நடுவே எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வீஸ்லாக்கில் எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். எனக்குக் காயில் வாங்கும்முன் மூடியைத் திறக்கத் தோன்றவில்லை.

பின்சேர்க்கை 1: போன் சார்ஜர் எரிந்துபோனது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மைனரில் பாடியோடு இணைவது பேட்டரியின் நேர்முனை, இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. சாதாரண சார்ஜர் சாக்கெட்டை அப்படியே இணைத்தால் தலைகீழாகிவிடும். பவர் பேங்க் எடுத்துப்போங்கள், தலைவலி இல்லை.

பின்சேர்க்கை 2: ஈயம் இல்லாத பெட்ரோல் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். கார்களுக்கான ஈயப் பெட்ரோல் 2021-இல் உலகம் முழுக்க நின்றுவிட்டது, வேறு வழியும் இல்லை. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில், அதிக வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால்தான் வால்வு இருக்கை (வால்வு வந்து மூடும் விளிம்பு) தேயும். 75-ஐத் தாண்டாமல் வந்தால் ஒரு பயணத்தில் எதுவும் ஆகாது. வீடு வந்தபின் வால்வு இடைவெளியை அளந்து பாருங்கள், குறைந்திருந்தால் அப்போது யோசிக்கலாம்.

பின்சேர்க்கை 3: இந்தப் பதிவைப் படித்துவிட்டு ஒரு நண்பர் தன் மூடியில் தானே துளை போட்டிருக்கிறார். ஒவ்வொரு வளைவிலும் பெட்ரோல் தெறித்து, பின்பக்கப் பெயின்ட் உரிந்துவிட்டது. துளை போடாதீர்கள். காற்றை உள்ளே விட்டு பெட்ரோலை வெளியே விடாத மூடிகள் தனியாகவே கிடைக்கின்றன. கடையில் வாங்கும்போது மூடியின் உட்பக்கத்தில் வாயை வைத்து உறிஞ்சிப் பாருங்கள், காற்று வந்தால் வாங்குங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார்.