மீந்த கார்பன் இழைப் பலகையை லேசரால் வெட்டி மறுபடி பயன்படுத்துவது எப்படி?

இறுகிப்போன எபாக்ஸி பிசின் சூடேற்றினால் இளகாது, கருகும். அதனால்தான், கார்பன் இழைகளை இந்தப் பிசினால் பிணைத்துச் செய்த கார்பன் இழைப் பலகையின் மிச்சத் துண்டுகளை அலுமினியத்தைப் போல உருக்கி வார்க்க முடிவதில்லை. ஆனால் உள்ளிருக்கும் இழை, 1000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் சுட்டெடுக்கப்பட்டது. இவ்வளவு எரிசக்தி செலவழித்து உருவான பொருளைக் குப்பைமேட்டுக்கு அனுப்புவது எனக்கு ஏற்புடையதல்ல. 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மிச்சப் பலகையிலிருந்து சிறு பாகங்களை எடுக்கும் முறையைக் கீழே தருகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வீட்டு மேசையில் திறந்த நிலையில் இயங்கும் சிறு லேசர் கருவியில் இதைச் செய்யவே கூடாது. எபாக்ஸி கருகும்போது கார்பன் மோனாக்சைடு, பென்சீன் போன்ற நச்சு வாயுக்கள் வெளிவரும். கார்பன் தூளோ மின்சாரத்தைக் கடத்துவதால், மின்சுற்றுப் பலகையில் படிந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். மூடிய இயந்திரம், நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும் வாயுக்களை ஈர்க்கும் கரி வடிகட்டியும் கொண்ட புகை உறிஞ்சி, கட்டிடத்துக்கு வெளியே செல்லும் குழாய் ஆகியவை உள்ள பட்டறையில், அனுபவமுள்ள இயக்குநரை உடன் வைத்துக்கொண்டு மட்டுமே தொடங்குங்கள்.

1. பலகையை அடையாளம் காணுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் கார்பன் அன்று. சாயமிட்ட கண்ணாடி இழையாகவும் இருக்கலாம். விளிம்பின் ஓரிடத்தை ஈரமான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அங்கே வையுங்கள்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. மேலே வினைல் ஸ்டிக்கர் இருந்தால் முழுவதும் உரித்துவிடுங்கள். அதிலுள்ள பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகி, நுரையீரலையும் இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் அரிக்கும்.

2. லேசரைத் தேர்ந்தெடுங்கள். 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரை எபாக்ஸி, கார்பன், கண்ணாடி மூன்றுமே உறிஞ்சும். சுமார் 1 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஃபைபர் லேசரை கார்பன் நன்றாக உறிஞ்சும். கண்ணாடியோ பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும். ஆகவே கண்ணாடி இழைப் பலகைக்கு முதல் வகையே பொருந்தும்.

3. வெப்பத்தைக் கட்டுப்படுத்துங்கள். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். எபாக்ஸி 300 முதல் 400 டிகிரிக்குள் சிதையத் தொடங்கிவிடும். கார்பன் இழை ஆவியாகவோ 3000 டிகிரிக்கு மேல் வேண்டும். இழையை அறுக்கத் தேவையான வெப்பம் அதன் நீளவாக்கில் விரைந்து பரவி, வெட்டுக்கோட்டுக்கு அப்பாலுள்ள பிசினையும் எரித்துவிடுகிறது. எனவே ஒரே ஓட்டத்தில் மெதுவாக அறுக்காமல், வேகமான பல ஓட்டங்களில் சிறிது சிறிதாக ஆழப்படுத்தி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் பலகை ஆற இடைவெளி விடுங்கள். நைட்ரஜனை ஊதினால் விளிம்பு தீப்பற்றுவது குறையும். இழைக்குக் குறுக்காக வெட்டும் பக்கத்தில் பாதிப்பு அதிகமாக இருக்கும் என்பதால், பாகத்தின் நீண்ட பக்கங்கள் இழையின் திசையிலேயே அமையுமாறு வரைபடத்தை அடுக்குங்கள்.

4. சோதனை வெட்டைப் பாருங்கள். ஒரு சிறு சதுரத்தை வெட்டி, ஆறிய பின், கையுறையுடன் எடுத்து 10 மடங்கு உருப்பெருக்கியில் விளிம்பைப் பாருங்கள். தேய்ந்த பிரஷ்ஷின் மயிர்களைப் போல இழைகள் பிசினின்றி நீட்டிக்கொண்டிருந்தால் வெப்பம் மிகுந்துவிட்டது. வேகத்தைக் கூட்டி, ஓட்டங்களின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். கருகிய பட்டை எவ்வளவு அகலமோ அதைவிடச் சற்று அதிகமாகப் பாகத்தின் அளவில் சேர்த்து வெட்டி, பிறகு ஈர உப்புத்தாளால் தேய்த்து அந்தப் பட்டையை நீக்கிவிடலாம்.

5. தூளை அள்ளுங்கள். காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளக் கூடாது. ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் உறையில் போட்டு மூடுங்கள்.

6. கடைசி மிச்சத்தைப் பிரியுங்கள். இனி பாகம் எடுக்க முடியாத துண்டுகளைத் தனிப் பெட்டியில் சேருங்கள். இவை போகவேண்டிய இடம் பைரோலிசிஸ் உலை. அங்கே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்திச் சூடேற்றிப் பிசினைச் சிதைத்து, இழையை மட்டும் மீட்கிறார்கள். கண்ணாடி இழை கலந்துவிட்டால் மீளும் இழையின் மதிப்பு சரிந்துவிடும். நீளமான துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்காமல் அப்படியே வையுங்கள். இழையின் நீளம் குறையக் குறைய அதன் பயன்பாடும் சுருங்கும். பெட்டியின் மேல் இழையின் வகை, பிசினின் பெயர், தடிமன் ஆகிய மூன்றையும் அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.