சிந்தனையாளரும் இயந்திரமும்: ஆய்வுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் வரலாறும் மெய்யியலும் படிக்கும் மாணவர்களின் ஆய்வு வரைவுகளை வாசித்துத் திருத்தி வருகிறேன். இந்தியச் சிந்தனையாளர்கள் தொழில்நுட்பத்தையும் அதன் ஒழுக்க விளைவுகளையும் எவ்வாறு நோக்கினர் என்ற தலைப்பை அடிக்கடி யாரேனும் தெரிவு செய்கிறார். முன்னவர் சறுக்கிய இடத்திலேயே அவரும் சறுக்குகிறார். எழுத்துப் பிழைகளையும் அடிக்குறிப்பு முறையையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆதரவா, எதிர்ப்பா என்று மட்டும் கேட்பது

மாதக்கணக்கான உழைப்பை வீணாக்கும் தவறு இதுவே; இன்றும் இதைக் கண்டால் எனக்குப் பொறுமை நிற்பதில்லை. காந்தியை ‘இயந்திர எதிர்ப்பாளர்’ என்று முதற்பக்கத்திலேயே முடிவு கட்டிவிட்டு, 1909இல் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் அவர் குஜராத்தியில் எழுதிய ‘ஹிந்த் சுவராஜ்’ நூலிலிருந்து இரயிலையும் ஆலைகளையும் கண்டிக்கும் வரிகளை அடுக்கிவிடுகிறார்கள். ஆனால் 1924இல் அவரே, தாம் மறுப்பது இயந்திர வெறியை மட்டுமே என்று விளக்கினார். சிங்கர் தையல் இயந்திரம் மனைவியின் சலிப்பான கைத்தையலைக் கண்டு இரங்கிய அன்பில் பிறந்தது என்று கூறி, அதற்கு விலக்கும் அளித்தார். ஆயிரக்கணக்கானோரை வேலையின்றித் தெருவில் நிறுத்தும் பேராசையே அவருடைய கண்டனத்துக்கு உரியது. அவர் தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கம், மேம்பட்ட இராட்டினத்தை வடிவமைப்பவருக்கு 1929இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது.

இவற்றை விட்டுவிட்டு எழுதிய கெட்டிக்கார மாணவர் ஒருவர், வாய்மொழித் தேர்வில் தையல் இயந்திரத்தைப் பற்றிய கேள்விக்கு விடையின்றி நின்றார். கட்டுரையின் பெரும்பகுதியை அவர் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. கரைவலை இழுக்கும் ஊரைச் சேர்ந்த அவரிடம், வலையை இழுக்க உழவு இயந்திரத்தில் பூட்டிய விஞ்சைப் (கயிறு சுற்றும் பொறியைப்) பற்றி ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். “விஞ்சில பிழையில்லை சேர், வலை இழுக்கிற ஆக்களின்ட பங்கு இல்லாமப் போறதுதான் பிரச்சினை” என்றார். எந்த இயந்திரம், யாருடைய கையிலிருந்து எந்த வேலையைப் பறிக்கிறது என்ற அந்தக் கேள்வியோடு காந்தியை வாசித்திருந்தால், கட்டுரை முதல் முறையிலேயே தேறியிருக்கும்.

ஒருவரின் குரலை நாட்டின் குரலாகக் கொள்வது

அம்பேத்கர் 1945இல் காந்தியத்தை நேருக்கு நேர் மறுத்தார். இயந்திரம் தரும் ஓய்வு இல்லாமல் உழைப்பவருக்குப் பண்பட்ட வாழ்வு இல்லை என்றும், இயந்திரத்தால் விளையும் தீமையின் வேர் சமூக அமைப்பிலேயே உள்ளது என்றும் அவர் வாதிட்டார். இயற்பியலாளர் மேகநாத சாகாவும் பெருந்தொழில்களையே வலியுறுத்தினார். இவ்விருவரும் இடம்பெறாத கட்டுரையை இந்தியச் சிந்தனை பற்றியது என்று நான் ஏற்பதில்லை.

ஆனந்த குமாரசுவாமியை அறிவியலின் பகைவராக்குவது

மரபுக் கைவினைகளைப் போற்றிய கலை வரலாற்றாளராக அறியப்படும் அவர், இலங்கையின் கனிம அளவைக்குத் தலைமை தாங்கிய நிலவியலாளரும் ஆவார்.

ஆண்டைக் குறிப்பிடாமல் மேற்கோள் காட்டுவது

அணைகளே புதுக் காலத்தின் கோயில்கள் என்ற கருத்தில் நேரு 1954இல் பேசினார். 1958இல் பிரம்மாண்டத்தின் மீதான மோகத்தை ஒரு நோய் என்று அவரே கண்டித்தார்.