மருந்துச் சீட்டில் நடையையும் எழுதச் சொல்லுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி என்று ஏதாவது ஒன்றுக்காக மாதக்கணக்கில் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்குக்கு) நடையாய் நடப்பவர்கள் நிறையப் பேர். நம்பர் எடுத்து, பாதி நாள் உட்கார்ந்திருந்து, ஒரு பை மாத்திரையோடு வீடு திரும்புகிறோம். டாக்டர் கடைசியில் "உடற்பயிற்சி செய்ங்க" என்பார், நாமும் தலையாட்டுவோம், அத்தோடு சரி. மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம், காலையா மாலையா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றெல்லாம் எழுதித் தருகிறவர்கள் பயிற்சிக்கு மட்டும் ஒரு வரி எழுதுவதில்லை. அந்த ஒரு வரியை எப்படி வாங்குவது, வாங்கியதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் பெரியவர்கள் சொல்லும் ஒரு வாதம். "தோட்டத்துல காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ன காலத்திலிருந்து நடந்தாச்சு, குனிஞ்சு நிமிர்ந்து நானூறு ஐந்நூறு ரப்பர் மரம் பால் வெட்டியிருக்கேன், இன்னும் என்ன நடை?" நியாயமான கோபம்தான். ஆனால் அந்த உழைப்பு பேங்கில் போட்டு வைத்த காசு இல்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ஒருமுறை நடந்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சிப் போனால் மூன்று நாள் வரைதான் நிற்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள் என்கிறார்கள். தோட்டத்தை விட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு முன்னால் இருக்கும் கடைக்குக்கூட மோட்டாரில் போகிறோம், சாப்பாடு மட்டும் மரம் வெட்டிய காலத்து அளவிலேயே இருக்கிறது.

அடுத்த அப்பாய்ன்ட்மென்டுக்குப் போகும்முன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரம் எழுதுங்கள்: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், மூச்சு வாங்கியதா, எங்கே வலித்தது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் நடப்பதற்கு முன்னும் பின்னும் வந்த எண். இதை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள்? நான் சாப்பிடும் மருந்துக்கு எதில் கவனம் வேண்டும்? எதைச் செய்யவே கூடாது?" என்று கேளுங்கள். பதிலை உங்கள் சிகிச்சைப் புத்தகத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நியூசிலாந்தில் 1998-லிருந்து 'பச்சை மருந்துச் சீட்டு' என்று டாக்டர்களே பயிற்சியை எழுதித் தருகிறார்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் மிஸ்ஸியிடமோ (தாதி) எம்.ஏ.யிடமோ (மருத்துவ உதவியாளர்) கேட்கலாம். மூட்டு ரொம்ப மோசம், அல்லது பக்கவாதம் வந்தவர் என்றால் ஃபிசியோவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காதவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு.

அளவு என்ன? உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி நாள்பட்ட நோய் உள்ளவர்களையும் சேர்த்தே சொல்கிறது: வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. 150 என்றதும் மலைக்க வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். மிதம் என்றால் பேச்சு வர வேண்டும், பாட்டு வரக்கூடாது. கையில் கட்டிய கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பைசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு வழக்கம்போல் ஏறாது, அவர்களுக்குப் பேச்சுதான் அளவுகோல்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு எது ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும் என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிட நடை என்பேன். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அந்த நேரத்திலேயே பிடிக்கிறது. நாடகம் ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடலாம். தாமான் ரோட்டில் தெருவிளக்கு எரியும் பக்கமாக, எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி நடங்கள், வெளிர்நிறச் சட்டை, நாய்க்குப் பயந்தால் கையில் ஒரு கம்பு. மழை பிடித்துக்கொண்டால் சமையற்கட்டிலிருந்து வாசல்வரை போய் வந்தாலும் நடைதான், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். காலையில் நடப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். நடை முடிந்து நண்பர்களோடு கடையில் உட்காருவதும் நல்லதுதான், தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று சொல்லப் பழகினால்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் எதுவும் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய, முன்பாதியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து, மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக்கூடாது. கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் உயரத்துக்கு ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எண்ணி நோட்டில் குறியுங்கள், கால் பலத்தைப் பார்க்க ஃபிசியோக்களும் இதே கணக்கைத்தான் எடுக்கிறார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்கவோ தள்ளவோ வேண்டாம், அழுத்தம் சட்டென்று எகிறும். மூட்டுவலிக்காரர்கள் பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டியதில்லை, மறுநாள் வரை வலி கூடுதலாக நின்றால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். திடலில் பாட்டுப் போட்டுச் செய்யும் கூட்டு உடற்பயிற்சியான செனாம்ரோபிக் நல்ல கூட்டம், நல்ல பாட்டு, ஆனால் குதிக்கும் அடிகள் வரும்போது முட்டி தேய்ந்தவர்கள் நின்ற இடத்திலேயே அசைந்தால் போதும்.

இனி ஆபத்துகள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்கலசைட் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நடக்கும்முன் சர்க்கரை 5-க்குக் (mmol/L) கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு. நம் ஊர் வெக்கையில் வியர்வையும் நடுக்கமும் களைப்பால்தான் என்று நினைத்துக்கொண்டே நடப்பார்கள், அது சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பாக்கெட்டில் மிட்டாய் இருக்கட்டும், சீனி இல்லாத வகை இதற்கு உதவாது. கால் மரத்துப் போனவர்கள் சிலிப்பரில் நடக்கக் கூடாது. மூடிய சப்பாத்து, காலுறை, வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்ப்பது. பால்குடம் எடுக்கும் வேண்டுதலோடு வெயிலில் வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்தால் கொப்புளம் போட்டதே தெரியாது. நேர்த்திக்கடன் வைக்கும்போதே இதையும் யோசியுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் 180/110-ஐத் தாண்டினால் அன்று நடை வேண்டாம், கிளினிக்குக்குச் சொல்லுங்கள். புகைமூட்டக் காலத்தில் ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 100-ஐத் தாண்டினால், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயே நாற்காலிப் பயிற்சி செய்யலாம். நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ இடது கைக்கோ ஓடும் வலி என்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகும் என்று பார்க்காமல் 999-ஐ அழையுங்கள்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுக்கும்போது நோட்டையும் கொண்டு போங்கள். எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய அந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி என்பதால் உங்கள் நடையும் அதில் இருக்கும். ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு அது சுமார் 0.6 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன, இது ஒரு மாத்திரையின் வேலை. எண் இறங்கியிருந்தால் மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக வீட்டில் அரை மாத்திரை ஆக்காதீர்கள். இறங்காவிட்டாலும் நோட்டைக் காட்டி, அடுத்த மூன்று மாதத்துக்கு அளவை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.