சி7 ஏறினால் முதலில் கேபிளைப் பாருங்கள்

பெரிய ஃபைல் காப்பி ஆகும்போதெல்லாம் கணினி பாதியில் உறைந்து நின்றது. ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடுமுன் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5, சி7 என்ற மூன்று வரிகளைப் பார்த்தேன். 05, சி5 இரண்டும் பூஜ்யம். சி7 மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. முதல் இரண்டும் டிஸ்க்கில் பழுதான செக்டர்களை, அதாவது டேட்டா பதியும் சிறு பகுதிகளை, காட்டுபவை. சி7, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைந்த எண்ணிக்கை. இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளைத் தொட்டேன்: முனையருகே மடங்கி, கிளிப் உடைந்து, லொடலொடவென்று ஆடியது. பவரை நிறுத்தி, இரும்புக் கிளிப் வைத்த புதுக் கேபிளை 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தினேன். சி7 எண் இனிக் குறையாது, அதற்குப் பயப்பட வேண்டாம். மேலே ஏறாமல் நின்றாலே போதும். 50 ஜிபி காப்பி செய்து பார்த்தேன், அந்த எண் அசையவில்லை. சி5 ஏறியிருந்தால் மட்டும் தயவுசெய்து சோதனை எதுவும் வேண்டாம், உடனே பேக்கப் எடுங்கள்.