லண்டனில் முதல் இரண்டு வாரம்: புறநகர் கெஸ்ட் ஹவுஸில் அறை போடும் முன்

லண்டனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரப்போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "வீடு எப்படிப் பிடிப்பது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "வந்து இறங்குகிற அன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள்?" சிலர் நண்பரின் நண்பர் வீட்டு சோபாவைச் சொல்வார்கள். சிலர், இணையத்தில் படம் பார்த்தே ஒரு வீட்டுக்கு முன்பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்வார்கள். சோபாவாவது பரவாயில்லை. பணத்தை அனுப்பிவிட்டு, சாவி வாங்கப் போன இடத்தில் அப்படி ஓர் ஆளே இல்லை என்று தெரிந்து, பெட்டியோடு தெருவில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் இரண்டு வாரத்துக்குப் புறநகரில் சாதாரண கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் அறை போடுங்கள். வீட்டை வந்து நேரில் பார்த்துப் பிடியுங்கள். இரண்டு வாரம் அதிகமாகத் தோன்றலாம். வீடு பார்க்க நான்கைந்து நாள், பிடித்த வீட்டுக்கு ஏஜென்ட் உங்கள் வேலை, சம்பளம், விசா எல்லாவற்றையும் சரிபார்க்க இன்னும் சில நாள், சாவி கைக்கு வர ஒரு வார இறுதி என்று போய்விடும். குடும்பத்தோடு வருபவர்கள் மூன்று வாரம் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பகுதியில் தங்குவது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. லண்டன் போக்குவரத்தை ஜோன்களாகப் பிரித்திருக்கிறார்கள். நகரின் நடுப்பகுதி 1. அங்கிருந்து வெளியே போகப் போக 2, 3 என்று 6 வரைக்கும், வடமேற்கில் சில இடங்களில் 9 வரைக்கும் போகும். சுற்றுலாப் பயணிகளுக்கான 1ஆம் ஜோனில் அறை சிறிதாகவும் விலை பெரிதாகவும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 3, 4, 5.

இந்த இடத்தில் நம்மவர்கள் யோசிக்காமலே கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் போடுகிறார்கள். தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த பகுதி; முதல் வாரத்தில் தமிழ் காதில் விழுவது தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வேலையோ கல்லூரியோ மேற்கு லண்டனில் என்றால், தினமும் காலையில் நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டிவரும். அங்கிருந்தே மேற்கில் வீடு பார்க்கவும் ஓட வேண்டிவரும். நம் ஆட்கள் வாழும் இடம் ஈஸ்ட் ஹாம் மட்டுமல்ல. தெற்கில் டூட்டிங், குரோய்டன், வடமேற்கில் வெம்ப்ளி, ஹாரோ, கிழக்கிலேயே மேனர் பார்க், இல்ஃபோர்ட் எல்லாம் இருக்கின்றன. வேலைக்கு வண்டி மாறாமல் ஒரே ரயிலில் போகக்கூடிய பகுதி எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் வீடு பார்க்கப் போவதும் அந்த ரயில் பாதையை ஒட்டித்தானே.

ஜோன் எண்ணை மட்டும் வைத்துத் தூரத்தை முடிவு செய்யாதீர்கள். ஈஸ்ட் குரோய்டன் 5ஆம் ஜோன். ஆனால் அங்கிருந்து விரைவு ரயில் ஏறினால் 15 முதல் 20 நிமிடத்தில் நகரின் நடுவிலுள்ள லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலோ விக்டோரியா ஸ்டேஷனிலோ இறங்கலாம். அதைவிட உள்ளே இருக்கும் சில இடங்களிலிருந்து பேருந்திலும் ட்யூபிலும் (சுரங்க ரயில்) மாறிப் போவதற்குள் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகிவிடும். தெற்கு லண்டனில் ட்யூப் குறைவு என்று பயப்படுகிறார்கள். அங்கே அந்த வேலையைச் சாதாரண ரயில்கள் செய்கின்றன. விளம்பரத்தில் "மத்திய லண்டனுக்கு அருகில்" என்று இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். லண்டன் போக்குவரத்துத் துறையின் (TfL) பயணத் திட்டச் செயலியில் கெஸ்ட் ஹவுஸின் போஸ்ட்கோடையும் (அஞ்சல் குறியீடு) வேலையிடத்தின் போஸ்ட்கோடையும் போட்டு, திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடை பத்து நிமிடத்துக்கு மேல் போனால், இரண்டு பெரிய பெட்டிகளோடு அது இருபது நிமிடம்.

போஸ்ட்கோடு பற்றி ஒரு சொந்த அனுபவம். நான் வந்த அன்று டாக்ஸிக்காரரிடம் கெஸ்ட் ஹவுஸின் எண்ணையும் "சர்ச் ரோடு" என்பதையும் மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு சர்ச் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கதவைத் தட்டினால் ஒரு வயதான அம்மா. என் அறை இருந்தது நான்கு மைல் தள்ளி, இன்னொரு சர்ச் ரோட்டில். லண்டனில் சர்ச் ரோடு, ஸ்டேஷன் ரோடு, ஹை ஸ்ட்ரீட் எல்லாம் பேட்டைக்கு ஒன்று. முழு போஸ்ட்கோடு என்பது சராசரியாகப் பதினைந்து முகவரிகளுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

ஹீத்ரோவில் இறங்கினால் நகருக்குள் வர பிக்கடில்லி லைன், எலிசபெத் லைன் என்று இரண்டு ரயில் பாதைகள் உண்டு. முன்னது மெதுவானது, மலிவானது. பின்னது வேகம், பெட்டி வைக்கவும் இடம் அதிகம். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் பேடிங்டன் ஸ்டேஷன் வரைதான், அதற்கு மேல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புறநகர் போகிறவர்களுக்கு அது தண்டச் செலவு. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையோ, பணம் போட்டுப் பயன்படுத்தும் ஆய்ஸ்டர் பயண அட்டையோ போதும், ஆனால் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஏறும்போது தொட்ட அட்டையையே இறங்கும்போதும் தொடுங்கள். காலையில் போன், மாலையில் அட்டை என்று மாற்றினால் நாள் உச்சவரம்பு (ஒரு நாளில் பிடிக்கும் அதிகபட்சக் கட்டணம்) இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் கணக்காகும். பேருந்தில் ரொக்கம் வாங்குவதை 2014லேயே நிறுத்திவிட்டார்கள். வார இறுதிகளில் பராமரிப்புக்காகப் பாதைகளை மூடுவது இங்கே சகஜம். சனி, ஞாயிறில் இறங்குபவர்கள் முதல் நாளே ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிசம்பர் 25 அன்று ட்யூபும் ஓடாது, பேருந்தும் ஓடாது. டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று அந்தத் தேதியில் வந்து இறங்காதீர்கள்.

சரி, அறைக்கு வருவோம். இங்கே புறநகர் கெஸ்ட் ஹவுஸ் என்பது பெரும்பாலும் நூறு வயதைத் தாண்டிய வரிசை வீடு. ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகளை இணைத்துப் பத்துப் பதினைந்து அறைகளாக்கியிருப்பார்கள். லிஃப்ட் இருக்காது. படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். முப்பது கிலோ பெட்டியோடு மூன்றாம் மாடி ஏறிப் பார்த்தால்தான் அந்த அருமை தெரியும். முன்பதிவு செய்யும்போதே கீழ்த்தளம் அல்லது முதல் மாடி கேளுங்கள். 'டபுள்' என்றால் ஒரே பெரிய கட்டில், 'ட்வின்' என்றால் இரண்டு தனிக் கட்டில். அண்ணன் தம்பியாகவோ நண்பர்களாகவோ வருபவர்கள் இதைக் கவனிக்காமல் சங்கடப்படுவது அடிக்கடி நடக்கிறது. 'என்-ஸ்வீட்' என்றிருந்தால் மட்டுமே குளியலறை அறைக்குள். இல்லையென்றால் வராந்தாவில் பொதுவாக இருக்கும், காலையில் வரிசை நிற்கும்.

அறை வழக்கமாக மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். காலையில் விமானம் இறங்குகிறவர்கள், பெட்டியை முன்கூட்டியே வைத்துவிட்டு வெளியே போய்வரலாமா என்று கேட்டுவையுங்கள். சிறிய இடங்களில் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க ஆள் இருக்க மாட்டார். உரிமையாளரை அழைத்தால்தான் வருவார். இரவு விமானமென்றால் இது இன்னும் முக்கியம்.

முன்பதிவை எப்போதும் ரத்து செய்யக்கூடிய விலையிலேயே போடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் சரி. விசா தேதி தள்ளிப்போகும், இல்லை இரண்டாம் நாளே அறை பிடிக்காமல் போகும். பதிவான பிறகு நேரடியாக ஒரு போன் போட்டு, வார வாடகை உண்டா, துணி துவைக்க வசதி உண்டா, சமையலறை உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லும் குரலிலேயே பாதி தெரிந்துவிடும். "தளத்தில் ரத்து செய்துவிட்டு என் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்புங்கள், தள்ளுபடி தருகிறேன்" என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் அந்த இடமே வேண்டாம். கருத்துரைகளில் கடைசி மூன்று மாதத்தில் வந்தவற்றை மட்டும் படியுங்கள். வீடில்லாத குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்க உள்ளூர் கவுன்சில்கள் இத்தகைய விடுதிகளின் அறைகளை எடுப்பதுண்டு. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அப்படி நிரம்பிய இடத்தில் பொதுச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நெருக்கடி அதிகம். அண்மைக் கருத்துரைகளில் அது தெரியும். வெம்ப்ளிப் பக்கம் போடுபவர்கள், அந்தத் தேதியில் ஸ்டேடியத்தில் நிகழ்ச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். அன்றைக்கு அறை விலையும் ஏறும், ரயிலிலும் கால் வைக்க இடமிருக்காது.

உள்ளே போனதும் சில விஷயங்கள் புரியாது. குளியலறைக் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். அது சுவிட்ச்: சில இடங்களில் அதை இழுத்தால்தான் ஷவருக்குச் சுடுநீர் வரும், சில இடங்களில் அது விளக்குக்கானது. சூடு வரவில்லை என்று உரிமையாளரை அழைக்கும் முன் எல்லாக் கயிற்றையும் இழுத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் சுடுநீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய், கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். பிளக் மூன்று தட்டை முனை கொண்டது. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு அடாப்டர் வேண்டும், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு வேண்டாம். ஹீட்டர் டைமரில் ஓடும். காலையும் மாலையும் சில மணி நேரம் மட்டும். கூடுதல் கம்பளி கேட்டால் தருவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஈரத் துணியை ஹீட்டர் மேல் விரிப்பதைப் பார்த்தால் அவர்களுக்குக் கோபம் வரும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால்.

அறைக்குள் சமைக்கவே கூடாது. புகை எச்சரிக்கை மணி ஒன்று அடித்தால் நடு இரவிலும் எல்லோரும் தெருவுக்கு வர வேண்டும். பொதுச் சமையலறையிலும் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அப்புறம் இந்த வீடியோ கால். இந்தியாவும் இலங்கையும் கோடையில் நமக்கு நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் முன்னால். அம்மா விடிகாலையில் எழுந்ததும் கூப்பிடுவார். இங்கே அது நடு இரவு. சுவர் மெல்லியது. இயர்போன் போட்டுக்கொண்டு படியிறங்கிப் பேசுங்கள்.

இனி காகிதங்கள். கெஸ்ட் ஹவுஸ் ரசீதை முகவரிச் சான்றாகப் பல வங்கிகள் ஏற்பதில்லை. வேலை தரும் நிறுவனத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ வங்கிக்கான கடிதம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கணக்கு திறந்த பிறகு அட்டை தபாலில் வரும். இங்கேதான் சிக்கல்: உங்கள் பெயருக்கு வரும் தபாலை வாங்கி வைப்பார்களா என்று முதல் நாளே கேளுங்கள். சில இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் விசா இப்போது இ-விசா, அதாவது இணையத்தில் பதிவாகியிருக்கும் விசா. அதற்கான இணையக் கணக்கைப் புறப்படும் முன்பே திறந்து பாஸ்போர்ட்டை இணைத்துவிடுங்கள். இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர் உங்களுக்கு இங்கே வாடகைக்கு இருக்கும் உரிமை இருக்கிறதா என்று சட்டப்படி சரிபார்க்க வேண்டும். அதற்கு அந்தக் கணக்கிலிருந்து 'ஷேர் கோடு' எடுத்துக் கொடுப்பீர்கள். அது 90 நாள் செல்லும். தேசியக் காப்பீட்டு எண் (National Insurance number) வரும்வரை வேலையில் சேர முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். உடம்பு சரியில்லை என்றால், 24 மணி நேரத்துக்கு மேலும் மூன்று மாதத்துக்குள்ளும் ஓரிடத்தில் தங்குபவர்கள் அருகிலுள்ள ஜிபி எனப்படும் பொது மருத்துவரிடம் தற்காலிக நோயாளியாகப் பதியலாம். கெஸ்ட் ஹவுஸ் முகவரியே போதும். அவசரமில்லாத ஆலோசனைக்கு 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999.

வீடு பிடித்துவிட்டால் பணக் கணக்கைத் தெரிந்து பேசுங்கள். 2019 வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி, வீட்டை உங்களுக்காக நிறுத்திவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால் வைப்புத்தொகை ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. மாத வாடகை 1,300 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்: அதைப் 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் வாரத்துக்கு 300. ஆக, நிறுத்திவைக்க 300, வைப்புத்தொகை 1,500. அந்த வைப்பை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட வேண்டும். ஒரு வீட்டைத் தான் வாடகைக்கு எடுத்திருக்கிறவர், அதிலேயே கூடவே தங்கியிருந்து ஓர் அறையை உங்களுக்கு விடுகிறார் என்றால் இந்த வைப்புப் பாதுகாப்பு பெரும்பாலும் பொருந்தாது; அங்கே பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

அறையைக் காலி செய்யும் அன்று, புதிய முகவரியை ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கொடுத்து, தபால் வந்தால் கூப்பிடச் சொல்லுங்கள். என் முதல் வங்கி அட்டை நான் வெளியேறி மூன்று நாள் கழித்துத்தான் அந்த சர்ச் ரோட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.