'கைஸ் அண்ட் டால்ஸ்' பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950-ல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் மேடையேறிய இந்த நியூயார்க் சூதாடிகளின் காதல் கூத்து, 1955-ல் ஜோசப் மேன்கிவிச் இயக்கத்தில் படமானது. பாட்டும் நடனமுமாகக் கதை சொல்லும் பழைய மியூசிக்கல்களுக்குப் புதியவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே இதிலும் செய்கிறார்கள்.

ஜூம் போட்டுத் திரையை நிரப்புவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். படம் சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. உயரத்தைப் போல 2.55 மடங்கு அகலம். வீட்டு டிவியின் அகலம் 1.78 மடங்குதான். அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அது பிடிக்காமல் ஜூம் செய்தால், படத்தில் 30 சதவீதம் பக்கவாட்டில் காணாமல் போகும். பழைய சதுர டிவிக்காக வெட்டிய பிரதி என்றால் ஏறக்குறைய பாதி.

போவது வெறும் பின்னணி அல்ல. மைக்கேல் கிட் அமைத்த தொடக்க நடனத்தில் டைம்ஸ் சதுக்கத்துக் கூட்டம் திரை முழுக்கப் பரவி ஆடுகிறது. எந்த மூலையில் எவன் யாரை ஏமாற்றுகிறான் என்று தேடுவதுதான் சுகம். அடுத்த பாட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு பந்தயக் குதிரைக்காக வாதாடுகிறார்கள். ஒருவர் தொடங்கிய மெட்டை அடுத்தவர் சற்றுத் தள்ளி எடுக்கிறார். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஓரத்தில் ஒரு முகம் வெட்டுப்பட்டாலும் சிரிப்பு போய்விடும்.

டிவியின் பிக்சர் சைஸ் மெனுவில் '16:9' அல்லது 'ஒரிஜினல்' வையுங்கள். 43 அங்குலத் திரையில் மேலே 8, கீழே 8 சென்டிமீட்டர் பட்டை இருந்தால் சரி. முகங்கள் முட்டைபோல நீண்டு தெரிந்தால் அளவு இன்னும் தவறு.

அசைவை வழவழப்பாக்கும் வசதி

'மோஷன் ஸ்மூத்திங்' எனப்படும் இந்த டிவி வசதியை அணைத்துவிடுங்கள்.

சப்டைட்டிலோடு நின்றுவிடுவது

மூவர் சேர்ந்து பாடும்போது எழுத்தில் பெரும்பாலும் ஒருவர் வரிதான் வரும். முதல் தடவை எழுத்தோடு, அடுத்த தடவை எழுத்தில்லாமல் அந்தப் பாட்டைப் பாருங்கள். பாத்திரங்கள் 'டோன்ட்' என்று சுருக்காமல் 'டூ நாட்' என்று பேசுவதும் மொழிக் குறையல்ல. மூலக்கதைகளை எழுதிய டேமன் ரன்யன் தன் ரவுடிகளுக்குக் கொடுத்த மிடுக்கு அது.

பிராண்டோவின் குரலை மட்டும் எடைபோடுவது

இரவல் குரல் இல்லாமல் நடிகர் மார்லன் பிராண்டோவே பாடினார். பாடகர் சினாட்ராவுக்கு வேறு வேடம். மேடைக் குரல் வேண்டுமென்றால் விவியன் பிளெய்ன், ஸ்டபி கே இருவரையும் கவனியுங்கள். பிராட்வேயில் நடித்த அதே வேடங்களில் வருகிறார்கள்.

மேடை ஒலிப்பதிவை முதலில் கேட்பது

சில பாட்டுகள் படத்தில் இல்லை. பதிலுக்கு, மேடைப் பாட்டுகளை எழுதி இசையமைத்த ஃபிராங்க் லெசர் மூன்று புதிய பாட்டுகள் எழுதினார். ஒலிப்பதிவைப் படத்துக்குப் பிறகு கேளுங்கள்.